மூச்சுக்குழியைச் சுற்றிப் பதினாறு கன்றுகள்

காலணிகளை அடுப்புக்கு அவ்வளவு அருகில் வைக்காதீர்கள், ஜோயா. தோல் வெடித்துவிடும். நகரத்துக் காலணிகளுக்கு எங்கள் அடுப்பு கொஞ்சம் அதிகம். அந்த பெஞ்சுக்கு அடியில் வையுங்கள், மெல்லக் காயட்டும். தேநீரில் பாலும் உப்பும் போட்டிருக்கிறேன். பழக்கமில்லை என்றால் மிச்சம் வைத்துவிடுங்கள் மகளே, நான் வருத்தப்பட மாட்டேன்.

நீங்கள் கொண்டுவந்த தாளை இரண்டு முறை படித்தேன். சுருக்கமாக, அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஷார்தை கிராமத்தின் பனிப்பாதைக் காவலரான ஹண்டமா தோர்ஜியேவ்னா, வயது அறுபத்தாறு, ஏரியில் ஆபத்தான இடத்தைச் சுற்றி எச்சரிக்கைக்கான மரக்கன்றுகளை ஊன்றத் தவறினார், நடைப்பயணி ஒருவர் அதில் விழுந்து இறந்த பிறகு, தவறை மறைக்க அவசர அவசரமாக ஊன்றினார், காரணம் கவனக்குறைவு. அதற்குக் கீழே கருணையும் காட்டியிருக்கிறீர்கள். வயதைக் கருதி வழக்கு வேண்டாம், வேலையை விட்டு நீக்கினால் போதும்.

"வயசாச்சு, மறந்திருப்பீங்க பெரியம்மா. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்," என்று வாசலில் பனியைத் தட்டும்போதே சொன்னீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. என் வேலை ரொட்டி வண்டி ஓட்டும் ஜர்காலின் மச்சானுக்குப் போகும் என்றும் கேள்விப்பட்டேன். அவன் ஊன்றிய கன்றைப் பார்த்திருக்கிறேன். பிறந்தநாள் கேக்கில் மெழுகுவர்த்தி குத்தியதுபோல் இருக்கும்.

கையெழுத்துப் போடுவதில் எனக்குத் தடையில்லை. ஒரே ஒரு சொல்லை அடித்துவிட வேண்டும். கவனக்குறைவு என்ற சொல்லை. என் வாழ்நாள் முழுவதற்கும் அந்தச் சொல்லைப் போர்த்திவிட்டு நீங்கள் மாவட்டத் தலைநகருக்குப் போய்விடுவீர்கள். நான் இங்கே கடைக்கு ரொட்டி வாங்கப் போக வேண்டும்.

முப்பத்தோரு குளிர்காலமாக இந்த வேலையைச் செய்கிறேன். ஏரி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உறைவதில்லை. ரொட்டி வண்டி போகும் பாதையில் பனிக்கட்டி இரண்டு முழம் கனமாக இருக்கும். அங்கிருந்து கொஞ்சம் தள்ளி, அடியிலிருந்து வாயு குமிழி குமிழியாய்க் கிளம்பும் இடத்தில், இரண்டு விரல் கனம்தான். மேலே பனித்தூள் படிந்துவிட்டால் இரண்டும் ஒரே வெள்ளை. அப்படிப்பட்ட இடத்தை நாங்கள் மூச்சுக்குழி என்போம். எங்கள் ஊருக்கு எதிரே ஒன்று இருக்கிறது. கரை முனையிலிருந்து எதிரே உள்ள தீவுக்கு நேர்கோடு போட்டால் அந்தக் கோடு குழியின் நடுவயிற்றில்தான் போகும். கோட்டை வளைப்பதற்குத்தான் நான் இருக்கிறேன். குழியைச் சுற்றி வட்டமாகப் பதினாறு பைன் கன்றுகள்.

கன்றை எப்படி ஊன்றுவார்கள் என்று உங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. கடப்பாரையால் ஒரு முழம் தோண்டி, கன்றை நிறுத்தி, தண்ணீர் ஊற்றினால் பத்து நிமிடத்தில் அது ஏரியோடு ஏரியாகிவிடும். ஏப்ரலில் ஏரி விட்டால்தான் அதுவும் விடும். உங்களோடு வந்த அதிகாரி, காற்று சாய்த்திருக்கலாம் என்றாராம். அவரை அழைத்துவாருங்கள். ஒரு கன்றைக் காட்டுகிறேன். இரண்டு கையாலும் இழுக்கட்டும், வேண்டுமானால் காற்றையும் துணைக்கு வைத்துக்கொள்ளட்டும்.

இறந்தவர் கிளேப். அவரை எனக்கு முன்பே தெரியும். மூன்று வருடங்களுக்கு முன், ஒரு பிப்ரவரியில், ஜர்கால் அவரைப் பாதையோரத்திலிருந்து அள்ளிக்கொண்டு வந்தான். சறுக்குவண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கூடாரத்தை எப்படி விரிப்பது என்று கூடாரத்திடமே கேட்டுக்கொண்டிருந்தாராம். ரொட்டிகளுக்கு நடுவில் படுக்கவைத்துக் கொண்டுவந்தான். கன்னம் இரண்டும் மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. நான் வாத்துக் கொழுப்பைத் தடவினேன். இந்த அடுப்புத் திட்டில்தான், நீங்கள் சாய்ந்திருக்கிறீர்களே, இதில்தான் இரண்டு நாள் கிடந்தார். ஓமுல் மீன் சூப் குடித்தார். குதிகாலில் ஓட்டையாகியிருந்த காலுறையைத் தைத்துக் கொடுத்தேன். வீட்டில் சிவப்புக் கம்பளி நூல்தான் இருந்தது.

"அத்தை, உங்களை ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன்," என்றார். மூன்றாம் நாள் ஜர்கால் அவரைத் திரும்பக் கொண்டுபோய்விட்டான். எடுத்த இடத்திலேயே விட்டானா என்பதை அவனிடம் கேளுங்கள். ரொட்டி வண்டிக்கு வடக்கே கொஞ்சம் வேலை இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

மே மாதம் கடையில் நின்றுகொண்டு, ஜர்காலின் கைப்பேசியில் அவர் எடுத்த படத்தைப் பார்த்தோம். பைக்கால் ஏரியைத் தன்னந்தனியாகக் கடந்த கதை. நன்றாகவே எடுத்திருந்தார். நடுவில் முகத்தைக் கேமராவுக்கு அருகில் கொண்டுவந்து, "ரெண்டு நாளா கூடாரத்தை விட்டு வெளிய வர முடியல. மனுஷ வாடையே இல்ல. எனக்குத் துணை பனிப்புயல் மட்டும்தான்," என்று கண் கலங்கினார். கூடாரத்துக்குள் காலுறை காய்ந்துகொண்டிருந்தது. குதிகாலில் சிவப்புத் தையல்.

ஜர்கால்தான் ஆரம்பித்தான்.

"அக்கா, அப்போ அந்தப் பனிப்புயல் நீதானா? சொல்லவேயில்ல பாத்தியா. சூப்பு வெக்கத் தெரிஞ்ச பனிப்புயலை நான் இப்பத்தான் பாக்கறேன்."

"தையலும் தெரியுமாக்கும்," என்றாள் கடைக்காரி தூல்மா.

நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் இன்னும் மோசமாகும் என்று தெரியும். சிரித்ததாலும் குறையவில்லை. அன்றிலிருந்து நான் பனிப்புயல் அக்கா. குழந்தைகள் முதற்கொண்டு. கிராம நிர்வாகத்திலிருந்து வந்த புத்தாண்டு வாழ்த்து அட்டையில்கூட, யாரோ விளையாட்டாக, 'எங்கள் அன்புப் பனிப்புயலுக்கு' என்று எழுதியிருந்தார்கள். இதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்கிறவள் அல்ல. நீங்கள் கேட்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன். நீங்கள் கேட்கவில்லைதான், ஆனாலும் கேட்டிருப்பீர்கள்.

இந்த ஜனவரியில் அவர் மறுபடியும் வந்தார். காரில், தெற்குமுனைக்குப் போகும் வழியில். இந்த முறை ஏரியின் முழு நீளமும் நடக்கப் போவதாகச் சொன்னார். நான் ஆட்டிறைச்சிக் கொழுக்கட்டை வேகவைத்திருந்தேன். உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டார். அந்த அளவுக்கு நெருக்கம்.

"இந்தத் தடவை முழுக்க முழுக்க சுயேச்சை, அத்தை. வழியில யாரும் ஒரு வாய் டீ குடுத்தாக்கூட செல்லாது."

"டீக்கே செல்லாதா? அப்ப விழுந்தா தூக்கிவிடலாமா?"

"தூக்கிவிட்டா எல்லாம் போச்சு. திரும்ப மொதல்லேர்ந்துதான்," என்று சிரித்தார். வாயில் கொழுக்கட்டை இருந்தது. ஒன்பதாவது.

பிறகு ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தார். "அந்த மரக்கன்னுங்களை மட்டும் ஒருநாள் எடுத்து வெக்க முடியுமா அத்தை? போன தடவை ஒவ்வொண்ணா படத்துலேர்ந்து அழிக்கறதுக்குள்ள உயிர் போச்சு. நகராட்சிப் பூங்கா மாதிரி இருக்கு."

"அது எதுக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

"வண்டிக்கு வழி காட்டத்தானே. நான் நடந்து போறவன். லாரியத் தாங்கற பனி என்னத் தாங்காதா?"

வரிசையாக நின்றால் பாதை, வட்டமாக நின்றால் குழி. எங்கள் ஊரில் இன்னும் பேச்சு வராத குழந்தைக்கும் இது தெரியும். அவருக்குத் தெரியவில்லை. சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அது உண்மை, எழுதிக்கொள்ளுங்கள். திறந்த பிறகுதான், சொல்வதும் ஓர் உதவிதானே என்று தோன்றியது. ஒரு வாய் தேநீருக்கே செல்லாது என்கிறவரிடம் இவ்வளவு பெரிய உதவியைச் செய்து அவர் பயணத்தைக் கெடுக்கலாமா. "இன்னொண்ணு வெக்கட்டுமா?" என்று கேட்டேன். பத்தாவது.

நடக்க ஆரம்பித்ததும், தினமும் மாலையில் தான் இருக்கும் இடத்தை அவரே உலகத்துக்கு அறிவித்துக்கொண்டிருந்தார். ரொட்டி கொண்டுவரும்போது ஜர்கால் எங்களுக்குப் படித்துக்காட்டுவான். ஏழு நாள் உலர் உணவுக்குப் பிறகு கனவில் கொழுக்கட்டை வருவதாக ஒருநாள் எழுதியிருந்தார். யாருடைய கொழுக்கட்டை என்று எழுதவில்லை. ஞாயிறு மாலை எங்கள் முனைக்குத் தெற்கே ஒன்றரை நாள் நடைத் தூரத்தில் இருந்தார். செவ்வாய் நண்பகலில் வந்துவிடுவார். ரொட்டி வண்டி திங்களும் புதனும். அதாவது செவ்வாய்க்கிழமை பாதை காலி.

திங்கட்கிழமை, ரொட்டி வண்டி திரும்பிப் போனதும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு கன்றைப் பெயர்க்கக் கால் மணி நேரம். பதினாறுக்கு நான்கு மணி நேரம். என் வயதில், குறுக்கு வலியோடு, காலுக்குக் கீழே பலகை போட்டுக்கொண்டு குழியோரம் நான்கு மணி நேரம் குனிந்து கடப்பாரை போடுவது கவனக்குறைவானவர்கள் செய்யும் வேலை அல்ல, மகளே. பெயர்த்த இடங்களில் தண்ணீர் ஊற்றினேன். உறைந்ததும் பிர்ச் துடைப்பத்தால் பனித்தூளைத் தள்ளிச் சமப்படுத்தினேன். கன்றுகளை இழுவையில் ஏற்றிக் குளியல் அறைக்குப் பின்னால் அடுக்கினேன். ஒரு கிளைகூட முறியவில்லை.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக ஜர்காலைக் கூப்பிட்டேன். செவ்வாய்க்கிழமைகளில் சில சமயம் மாமியார் வீட்டுக்கு இந்த வழியாக வருவான்.

"நாளைக்கு இந்தப் பக்கம் வராதே. பனி சரியில்ல."

"என்ன அக்கா, பனிப்புயல் வருதா, இல்ல நீயே வர்றியா?"

"நான்தான் வர்றேன்," என்றேன்.

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான். பிறகு கரைக் கம்பத்தில் சிவப்புத் துணியைக் கட்டினேன். அது இருந்தால் மீன்பிடிக்க யாரும் இறங்க மாட்டார்கள். கிளேபுக்குச் சிவப்புத் துணி என்றால் சிவப்புத் துணிதான். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இந்தக் கரையில் ஓர் உயிருக்குக்கூட ஆபத்து வராதபடி ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் செய்தேன். கவனக்குறைவு என்று நீங்கள் எழுதியது ஏன் எனக்கு வலிக்கிறது என்று இப்போது புரியும்.

செவ்வாய் காலை தேநீர் போட்டு, குடிக்கும் முன் மோதிர விரலால் ஏரியின் பக்கம் தெளித்தேன். வழக்கமாகப் பயணம் போகிறவர்களுக்காக இரண்டு வார்த்தை வேண்டிக்கொள்வோம். அவருக்காக வேண்டிக்கொள்ளவில்லை. ஏரியின் தெய்வத்திடம் சிபாரிசு செய்வதும் உதவிக் கணக்கில்தானே வரும்.

பதினொன்றரை மணிக்கு முனையைச் சுற்றிக்கொண்டு வந்தார். நான் கரையில் நின்றிருந்தேன். பழக்கத்தால் தோளில் கயிறு, கையில் பலகை. என்னைப் பார்த்தார். சுத்தமான, கன்று ஒன்றுகூட இல்லாத வெள்ளையைப் பார்த்தார். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நன்றி சொல்லத் தெரியாத மனிதர் என்று மூன்று வருடமாக நினைத்திருந்தேன். அது என் தவறு. சறுக்குவண்டியின் முன்னால் கேமராவைப் பொருத்தி, அதற்கு முன்னே தீவை நோக்கி நேராக நடந்தார். மிக நேராக.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. ஒரு பீங்கான் தட்டை மேசையில் வைத்தது போல. வண்டியை இழுக்கும் இடுப்பு வாரை அவரே அறுத்துவிட்டார், கெட்டிக்காரர். அதனால்தான் சறுக்குவண்டி கனமான பனியிலேயே நின்றது, உங்களுக்குக் கேமராவும் கிடைத்தது. குளிரில் அது உடனே நின்றுபோனது என்கிறீர்கள். அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் சொல்ல மாட்டார்.

பலகையைப் போட்டுக்கொண்டு, முதல் கன்று நின்ற இடம் வரைக்கும் போனேன். அவர் இரண்டு முழங்கையையும் விளிம்பில் ஊன்றியிருந்தார்.

"அத்தை, கயிறு. கயிறைப் போடுங்க."

"கேமரா ஓடுதா?" என்று கேட்டேன்.

"என்னது?"

"ஓடுச்சுன்னா படத்துல நான் வந்துடுவேனே. அப்புறம் உங்களுக்குத்தான் சங்கடம்."

"பரவால்ல. வாங்க. சீக்கிரம், அத்தை."

"தூக்கிவிட்டா மொதல்லேர்ந்து நடக்கணுமே. யோசிச்சுக்குங்க."

"நடக்கறேன். நடக்கறேன் அத்தை."

"எம் பேரு என்ன?"

இரண்டு நாள் அடுப்புத் திட்டு, பத்துக் கொழுக்கட்டை, ஒரு சிவப்புத் தையல். "தூல்மா?" என்றார். தூல்மா கடைக்காரி, அவளிடம் ஒருமுறை தீப்பெட்டி வாங்கியிருக்கிறார். நான் கோபப்படவில்லை. என் பெயரையும் என் அப்பா பெயரையும் நிதானமாகச் சொன்னேன். திருப்பிச் சொல்லச் சொன்னேன். பல் கிட்டியதால் முதல்முறை சரியாக வரவில்லை. இரண்டாம் முறை அப்பா பெயர் விட்டுப்போயிற்று. மூன்றாம் முறை, ஹண்டமா தோர்ஜியேவ்னா என்று, தெளிவாக, ஓர் எழுத்து பிசகாமல் சொன்னார். அவ்வளவு மரியாதையாக என்னை யாரும் கூப்பிட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

உடனே கயிற்றை வீசினேன். எழுதிக்கொள்ளுங்கள். சரியாக அவர் மணிக்கட்டின் மேலேயே போய் விழுந்தது. அதைவிட நன்றாக வீச முடியாது. அவர் பிடிக்கவில்லை. விரல்கள் மூடவில்லை. பைக்கால் தண்ணீரில் கை எவ்வளவு நேரம் நம் சொல்லைக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு நவம்பரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். பத்து நிமிடம். நாங்கள் பேசிக்கொண்டிருந்தது பன்னிரண்டு. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கோபம் இல்லை. கணக்கு விடை வராத பிள்ளை வாத்தியாரைப் பார்க்குமே, அப்படி. பிறகு முழங்கைகள் நழுவின.

கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கன்றுகளை இழுவையில் ஏற்றினேன். மறுநாள் புதன், ரொட்டி வண்டி வரும் நாள். குழியை அப்படியே விட்டுவிட முடியுமா. இருட்டுவதற்குள் பதினாறையும் அதே இடங்களில் ஊன்றி முடித்தேன். அவசரமாக ஊன்றினேன் என்று எழுதியிருக்கிறீர்களே, போய் அளந்து பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் பன்னிரண்டு அடி. அதன் பிறகுதான் மீட்புப் படைக்குப் போன் செய்தேன்.

அவருக்கு நான் தீங்கு நினைத்ததாக யாரும் எண்ணிவிடக் கூடாது. கன்றுகளை எடுக்கச் சொன்னார், எடுத்தேன். தூக்கிவிட்டால் பயணம் செல்லாது என்றார், கடைசிவரை அதைக் காப்பாற்றிக் கொடுத்தேன். முழு சுயேச்சையாக இந்த ஏரியில் போனவர் என்று இனி ஒருவரைச் சொல்லலாம் என்றால் அவரைத்தான் சொல்ல வேண்டும். ஜர்கால்கூட அதை மறுக்க மாட்டான். இரண்டு வாரமாக அவன் என்னைப் பனிப்புயல் என்று கூப்பிடுவதில்லை. ஏன் என்று தெரியவில்லை, எதிரே வந்தால் தொப்பியைக் கழற்றுகிறான்.

ஏன் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்? தாளை இப்படித் திருப்புங்கள், நானே அந்தச் சொல்லை அடித்துவிடுகிறேன். அதற்குப் பதிலாக வேறு என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், நீங்கள் சட்டம் படித்தவர். எதை எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஷார்தையில் முப்பத்தோரு வருடத்தில் தவறி விழுந்தவர் ஒருவர்கூட இல்லை என்பதை மட்டும் முதல் வரியில் சேர்த்துவிடுங்கள். அவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.